கேட்காத கேள்விக்குப் பதில்

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியரில் நான் இரண்டு தடவை கோட்டை விட்டவன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான். கணக்கிலும் சரித்திரத்திலும் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்துவிடுவேன். ஆங்கில வினாத்தாளின் கடைசியில் வரும் கட்டுரையில் கவிழ்ந்துவிடுவேன். யாரோ ஒரு துரை எதையோ வாதாடி எழுதிய ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொடுப்பார்கள். அவர் தம் வாதத்தை எப்படிக் கட்டுகிறார், படிப்பவரைத் தம் பக்கம் எப்படி இழுக்கிறார் என்று ஆராய்ந்து எழுத வேண்டும். அவர் சொல்வது சரியா பிழையா என்று யாரும் கேட்பதில்லை. இதை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்று இது என் மண்டையில் ஏற இரண்டு வருஷமும் வாப்பாவின் பொறுமையில் பெரும்பகுதியும் செலவாயின.

வாப்பாவுக்குக் கண்டி டவுனில் துணிக்கடை. வீடு அக்குறணையில். காலை பஸ்ஸில் வாப்பாவும் நானும் ஒன்றாகப் போவோம். அவர் கடைக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு. பள்ளி விட்டதும் நானும் கடைக்குப் போய், மாலை பஸ் வரும்வரை துணி மடிப்பேன். கடைக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வராது. ஒருவர் சீத்தைத் துணியையோ ஆண்கள் உடுக்கும் சாரத்தையோ விரலால் தேய்த்துப் பார்த்து, "சாயம் போகும் போல" என்றால், அவர் வாய் மூடுமுன் நமது பதில் போய்ச் சேர வேண்டும். பதில் பிந்தினால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் இதே கதைதான். மழை வரும் போல என்று ஒருவர் சொன்னால், வராது என்பதற்கு இரண்டு காரணம் தயாராக இருக்கும்.

இந்த வாயைத்தான் நான் பரீட்சை மண்டபத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவை வந்த பகுதி, மோட்டார் பஸ்கள் கிராமங்களின் அமைதியைக் கெடுக்கின்றன என்று ஒருவர் எழுதியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மனிதர் அக்குறணையிலிருந்து கண்டிக்கு மழையில் நடந்து பார்த்திருப்பாரா என்று தொடங்கி, பஸ்ஸின் பெருமைகளைப் பக்கம் பக்கமாக எழுதினேன். இரண்டாம் தடவை வந்ததை இன்னும் மன்னிக்கவில்லை. கடைக்காரன் என்பவன் நடுவில் நின்று கொழுக்கிறவன், அவன் இல்லாமலே உலகம் நடக்கும் என்று வாதாடியிருந்தார். கடைக்காரன் மகன் கையில் இதைக் கொடுத்தால் என்ன நடக்கும்? துரையுடன் பேரம் பேசுவது போல வரிக்கு வரி மல்லுக்கு நின்றேன். மணி அடித்தபோது வெற்றி எனக்கே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆங்கிலத்தில் தவறினால் மற்றப் பாடங்களில் தேறியதும் தேறாத கணக்குத்தான்.

எங்கள் இங்கிலிஷ் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். எங்களைப் போன்ற பெயில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்து அவரும் களைத்துப் போயிருந்தார். பயிற்சிக் கட்டுரையைத் திருப்பித் தரும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்.

"நீர் திரும்பவும் மறுமொழிதான் எழுதியிருக்கிறீர். ஆர் உம்மட்ட மறுமொழி கேட்டது?"

"அவர் சொல்றது பிழை சேர்."

"ஓம், பிழைதான். அதை எனக்கேன் சொல்லுறீர்? அந்த ஆள் எப்பிடிச் சொல்லுறார் எண்டு சொல்லும்."

அந்த 'எப்படி' எனக்கு விளங்கவில்லை. ஒருவர் பேசினால் அவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதைத் தவிர அதில் பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று நிஜமாகவே யோசித்தேன்.

மூன்றாம் தடவை பரீட்சைக்குப் பணம் கட்ட வாப்பா சம்மதித்தார். ஆனால் இதுதான் கடைசி என்றார். பாஸானால் கொழும்புக்குப் போகலாம். மாஸ்டருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை எனக்காகப் பேசி வைக்கப்பட்டிருந்தது. தவறினால் கடை. எனக்குக் கடை பிடிக்காது. புதுத் துணியின் கஞ்சி வாசம் எனக்குத் தலைவலி தரும். நாள் முழுக்க நின்று, சிரித்து, விரித்த துணியைத் திரும்ப மடித்து வைக்கிற வேலை. விரித்தவர் வாங்காமலே போயிருப்பார். வாப்பாவின் வாழ்க்கை அப்படி மடித்து வைப்பதிலேயே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கொழும்பில் கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தக் கதிரை ஒன்றுதான் என் ஆசை.

எனக்கு மூத்தவள் ஒரு ராத்தா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தாள். பெரியவளானதும் எல்லாப் பெண்பிள்ளைகளையும் போல நிறுத்திவிட்டார்கள். கடைக்குத் தலையணை உறை தைப்பது அவள் வேலை. தையல் மெசினுக்குப் பக்கத்து மேசையில்தான் நான் படிப்பது. ஒருநாள் நான் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"அது என்னண்டு தமிழ்ல வாசி தம்பி. உன்ட பெருமூச்சுல எனக்கு ஊசி கோக்க ஏலாம ஈக்கு."

கடையில் துணி சுற்ற வைத்திருந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் தலையங்கம் அது. கண்டிப் பெரிய தெருவில் மாட்டு வண்டிகள் வருவதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் வழக்கம் போல, "இது அநியாயம், வண்டி இல்லாட்டி சாமான் எப்பிடி வாற?" என்றேன்.

"நீ பேசாம இரு. முதல்ல அவர் என்ன சொன்னார்?"

"மாடு பாவம் எண்டார். ஏத்தத்துல நுரை தள்ள இழுக்குதாம்."

"மாடு பாவம் எண்டா இல்லண்டு யார் சொல்ற? முதல்ல எல்லாரையும் ஒருக்காத் தலையாட்ட வெச்சிட்டார். பொறகுதான் ரோட்டக் கேக்கிறார்." அவள் ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வண்டிக்காரன் அதுக்குப் பொறகு என்ன செய்வான் எண்டு எங்கயாச்சும் ஈக்கா?"

தேடினேன். ஒரு வரியும் இல்லை.

"அது மறந்து விட்டதில்ல. அந்த ஆள் வண்டிக்காரனோட பேசல்ல. காரு வெச்சிருக்கிறவங்களோட பேசுறார்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கைவேலையை விடாமல் இதைச் சொல்கிறாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திரைக்குப் பின்னால வந்து இருந்து பாரு. அங்கிருந்து பேச ஏலா. பேச ஏலாட்டி வேற என்ன செய்ற, கேக்கிறதுதான்."

எங்கள் வீட்டு முன்னறைக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அந்நிய ஆண்கள் வந்து பேசும்போது உம்மாவும் ராத்தாவும் அதற்குப் பின்னால் பாயில் இருப்பார்கள். காணி விஷயம், கலியாண விஷயம், ஜமாஅத் விஷயம் எல்லாம் முன்னறையில்தான் நடக்கும். ஆண்கள் ஆளுக்கு ஆள் பதில் சொல்லிக் களைத்துப் போவோம். வந்தவர்கள் போன பிறகு உம்மாவும் ராத்தாவும் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து அந்தப் பேச்சைப் பிரித்துப் போட்டு அலசுவார்கள். எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது, எதை ஒரு சிரிப்போடு தாண்டிப் போனார்கள், எதை விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுத்துவிட்டு எதை எடுத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். உம்மா இரவில் வாப்பாவின் காதில் ஏதோ சொல்வார். அடுத்த நாள் வாப்பா முடிவை மாற்றியிருப்பார். இது நான் பிறந்ததிலிருந்து நடப்பது. அதை ஒரு படிப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு அலுக்கிறது. காலை பஸ், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மழை, ஈரக் காற்சட்டையோடு வகுப்பு, பிறகு கடை, பிறகு மாலை பஸ், பிறகு மெசின் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தலையங்கம். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். சில நாட்களில் "இண்டைக்கு ஏலா தம்பி, கண் எரியுது" என்பாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நாள் திரும்பவும் உட்காருவோம். பதில் சொல்ல வரும் வாயைக் கட்டுவதுதான் பெரிய வேலை. நோன்பில் தாகத்தை அடக்குவதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

எழுதுகிற வழி மெல்ல மெல்லப் பிடிபட்டது. எழுதியவர் கடைசியில் நம்மிடம் எதைக் கேட்கிறார் என்பதை முதலில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அங்கே போக அவர் வைத்த அடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவருடைய சொல்லிலேயே ஒன்றிரண்டைக் காட்டி, அது படிப்பவரை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். எதைச் சொல்லாமல் நம்ப வைக்கிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்தது. 'நான் நினைக்கிறேன்' என்ற பேச்சே கூடாது. மாஸ்டர் ஒரு கட்டுரையைத் திருப்பித் தந்தபோது முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "இப்பதான் நீர் வாயை மூடிக்கொண்டு எழுதுறீர்" என்றார். அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அது.

பரீட்சைக்கு வந்த பகுதி பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. கடிதம் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தால் ஒரு பெண்ணுக்குப் போதும், அதற்கு மேல் படிப்பிப்பது அவளுக்கே செய்யும் கொடுமை என்று ஒருவர் மிகவும் அன்பாக எழுதியிருந்தார். அந்த அன்புதான் எனக்கு ஆத்திரமூட்டியது. ராத்தாவை வைத்தே அந்த ஆளைக் கிழித்துத் தொங்கப் போட்டிருக்கலாம். ஒரு வரி பதில் எழுதவில்லை. தகப்பன் பேசுவது போல அவர் தொடங்கியதையும், படித்த பெண்ணின் தனிமையை நினைத்துக் கண்ணீர் விட்டதையும், அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை நம்மை அறியாமலே ஒப்புக்கொள்ள வைத்ததையும் அமைதியாக, ஒழுங்காக எழுதினேன். எழுதி முடித்தபோது காய்ச்சல் வந்தவன் போல இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா என்ன வந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் மெசினில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கட்டியிருந்தாரா?"

"நல்லாத்தான் கட்டியிருந்தார்."

"நீ ஒண்டும் சொல்லல்லயே?"

"இல்ல ராத்தா."

"அப்ப நீ பாஸ்" என்று சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கினாள்.

பாஸாகிவிட்டேன். உம்மா தொதல் கிண்டிப் பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு அனுப்பினார். வாப்பா என் கையைப் பிடித்து, "அல்ஹம்துலில்லாஹ், நீ இனிக் கொழும்புக்குப் போ மகன்" என்றார். கொழும்புக்கு எழுதிப் போட்டோம். வரச் சொல்லிப் பதில் வந்தது.

அந்தச் செய்தி வாப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான கம்பளைச் சாச்சாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வந்தார். தம்முடைய மச்சினனுக்கு ராத்தாவைப் பெண் கேட்டார். வாப்பாவும் நானும் முன்னறையில். உம்மாவும் ராத்தாவும் திரைக்குப் பின்னால். நான் பழகிப் போனவனாக, பேச்சை அடி அடியாகக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் புகழ்ந்தார். குடும்பத்தில் சீனியர் பாஸ் பண்ணின முதல் ஆள் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு வாப்பாவின் முழங்கால் வலியை விசாரித்தார்; மூத்தவர் என்று வாப்பாவை அவர் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். பிறகு, மகன் கொழும்புக்குப் போனால் நானா தனியாக என்ன செய்வார் என்று கவலைப்பட்டார். அதற்குப் பிறகுதான் மச்சினன் வந்தான். கடை வேலை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்தால் அவனிடம் வாங்காமல் போகமாட்டார்கள், நாளைக்கே வேண்டுமானாலும் வந்து நானாவின் கடையைப் பொறுப்பெடுப்பான் என்றார். வாப்பாவின் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. என்னுடைய பாஸ்தான் இந்தக் கலியாணத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தது என்று அப்போது எனக்கு உறைத்தது.

எங்கள் வழக்கத்தில் கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவள் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். வாப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "என்ன சொல்றீங்க மகள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்த மௌனத்தை வாங்கிக்கொண்டு திரும்பத் தயாராக இருந்தார். சாச்சா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார்.

"சாச்சாட்ட ஒண்டு கேக்கணும் வாப்பா." ராத்தாவின் குரல் உயரவில்லை. "கடை வேல அவ்வளவு நல்லாத் தெரிஞ்சவரை, கம்பளையில ஈக்கிற சாச்சாட கடையிலயே ஏன் வெச்சுக்கொள்ளல்ல?"

ஆண்கள் இருக்கும் முன்னறைக்கு அந்தத் திரையைத் தாண்டி ஒரு பெண்ணின் கேள்வி வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. சாச்சா கோப்பையைக் கீழே வைத்தார். அது வந்து, கம்பளையில் இடம் காணாது, கடை சின்னது என்றார். பிறகு, பொடியன் கொஞ்சம் முன்கோபி என்றார். பிறகு, முன்னே நடந்தது எல்லாம் முடிந்துவிட்டது என்றார். முன்னே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"எனக்கு இஷ்டமில்ல வாப்பா" என்றாள் ராத்தா.

சாச்சா தேத்தண்ணியை முடிக்காமலே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாப்பா அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. மிகவும் களைத்திருந்தார். யாரையும் பார்க்காமல், "அப்ப கடைய யார் பாக்கிற?" என்றார்.

"நான் பாக்கிறன் வாப்பா" என்றேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கேள்வி காதில் விழுந்தது, பதில் வாயில் இருந்தது. வாப்பா என்னை நீண்ட நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் போல இருந்து, சொல்லாமல், "சரி மகன்" என்றார். அஸர் தொழுகைக்கு ஒழுச் செய்யப் போய்விட்டார். எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. ராத்தாவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் வாப்பா தனியாகக் கண்டிக்குப் போய்விட்டார். குசினியில் ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

"நேத்து உன்னட்ட யார் தம்பி கேட்ட?"

"வாப்பாதான் கேட்டார். கடைய யார் பாக்கிற எண்டு."

"வாப்பா யாரிட்டயும் கேக்கல்ல. கடைய மூடப் போறார். அத வாய்விட்டுச் சொல்ல வெக்கம். யார் பாக்கிற எண்டு கேட்டு, எல்லாரும் பேசாம இருந்தா, அப்ப மூடுவம் எண்டு அவரே சொல்லியிருப்பார்." அவள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள். "தேயில வில விழுந்ததுக்குப் பொறகு தோட்டத்து ஆக்கள் கடப் பக்கம் வாறதே இல்ல. பெருநாள் வருது, வாப்பா ஒரு முழம் புதுச் சரக்கு எடுத்தாரா? நீதானே கடையில நிக்கிற, பாக்கல்லயா?"

எடுக்கவில்லை. தினமும் அந்தக் காலித் தட்டுகளுக்கு முன்னால்தான் நான் பழைய துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்தே ஏன் நீங்க சொல்லல்ல?"

"ஒருக்கா வாயத் தொறந்ததுக்கே எனக்குக் கை கால் நடுங்கிச்சு. ரெண்டாந்தரம் ஏலல்ல." அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா என்மேல் பரிதாபத்திலா தெரியவில்லை. "நீ பேசாம இருப்பா எண்டு நம்பித்தான் இருந்தன். பாஸ் பண்ணினவன்தானே. வாப்பா வந்த உடனே போய்ச் சொல்லு. கொழும்புக்குப் போறன் எண்டு சொல்லு. அவருக்கும் அதுதான் வேணும்."

சொல்வதென்று முடிவு செய்தேன். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, வாப்பாவுக்கு வெட்கம் வராமல் எப்படித் தொடங்குவது என்று பகல் முழுக்க அடுக்கிக்கொண்டிருந்தேன். வாப்பா கடைசி பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்தார். படியில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சப்பாத்தைக் கழற்றினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

நான் தொடங்குமுன் அவர் நிமிர்ந்து சிரித்தார்.

"நீ வரல்ல எண்டு கொழும்புக்குத் தந்தி அடிச்சிட்டன் மகன். பெருநாளைக்குப் புதுச் சரக்கு வருது. கடன்தான், இருந்தாலும் பரவால்ல. நீ ஈக்கிற தைரியத்துலதான் சரக்குக்குச் சொன்னன்."

உள்ளே தையல் மெசின் சத்தம் நின்றது.

சீத்தையா சாரமா, எதைக் கூடுதலா அனுப்பச் சொன்னீங்க வாப்பா என்று கேட்டேன்.